பெயரும் வாக்கும் பெண்ணின் அமானிதம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுக் கூட்டத்தையொட்டி நடைபெற்ற மகளிர் நிகழ்ச்சியில், பள்ளிவாசல் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் ஏக இறைவன் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், தோழியர் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக.

 

பெண்களின் வரலாற்றுச் சிறப்பைப் பற்றியும் வாக்குரிமையைப் பற்றியும் பேசுமாறு நிர்வாகத்தினர் நம்மைப் பணித்தார்கள். இவ்விரண்டும் தனித்தனித் தலைப்புகள் போலத் தோன்றினாலும், நாம் இதனைச் சிந்தித்துப் பார்த்தபோது இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்வதைக் கண்டோம். அந்த இடம் பெண்ணின் பெயர். வரலாற்றில் அவள் பெயர் எழுதப்பட்டிருந்தால்தான் அவளை நாம் நினைவுகூர முடியும். வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் இருந்தால்தான் அவள் வாக்களிக்க முடியும். ஆகவே பெயரிலிருந்தே தொடங்குவோம்.

ஹவ்வாவின் மகளே!

சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவில் வயது முதிர்ந்த தாயார் ஒருவர் மௌத்தானார். சுப்ஹுத் தொழுகைக்குப் பின் வழக்கம்போல ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தோம். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார், இன்னாரின் மாமியார் வஃபாத்தாகிவிட்டார் என்று கணவர், மகன்கள், மருமகன்கள் பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொன்னோம். ஒரு பெயர் மட்டும் அந்த அறிவிப்பில் இல்லை. மௌத்தான அம்மையாரின் பெயர்தான் அது.

அன்று நமக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஊர் வழக்கம் அதுதானே. ஜனாஸாவை அடக்கிவிட்டுத் தல்கீன் ஓதுவதற்காகக் கப்ரின் தலைமாட்டில் அமர்ந்தபோதுதான் அந்தக் குறை நம் முகத்தில் அறைந்தது. தல்கீனில் மையித்தை அவருடைய தாயின் பெயரோடு சேர்த்து அழைப்பது நம் வழக்கம் என்பதை அறிவீர்கள். அம்மையாரின் பெயரைக் கேட்டோம். ஒரு மகன் ஒன்று சொன்னார். மற்றொரு மகன், அது வீட்டில் அழைக்கும் பெயர், உண்மைப் பெயர் வேறு என்றார். சரி, அம்மையாரின் தாயார் பெயர் என்ன என்று கேட்டோம். நின்றிருந்த ஆண்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பெயர் தெரியாத நிலையில் உலகத் தாயான ஹவ்வா (அலை) அவர்களின் பெயரோடு சேர்த்து அழைக்கலாம் என்பதால், ஹவ்வாவின் மகளே என்று அழைத்துத் தல்கீனை முடித்தோம்.

வீடு திரும்பும் வழியில் அந்த அம்மையாரின் பேத்தி, பத்து வயதுகூட நிரம்பாத சிறுமி, தன் அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க நன்னியோட பேரை ஏன் மைக்ல சொல்லல?" என்று நம்மிடம் கேட்டாள். நம்மிடம் பதில் இல்லை. இத்தனை ஆண்டுகள் மதரஸாவில் ஓதி, அறிவிப்பாளர் வரிசைகளை மனனம் செய்த நமக்கு, அந்தக் குழந்தையிடம் சொல்ல ஒரு சொல் கிடைக்கவில்லை. இன்றைய உரை அச்சிறுமிக்கு நாம் தரவேண்டிய பதிலும் ஆகும்.

பெயரோடு எழுதப்பட்டவர்கள்

பெண்ணின் பெயரைப் பலரறியச் சொல்வது மரியாதைக் குறைவு என்று எண்ணுவோர் நம்மில் உண்டு. அண்ணலாரின் நடைமுறை அவ்வாறு இருக்கவில்லை. மனிதர்களில் தங்களுக்கு மிகவும் பிரியமானவர் யார் என்று அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தயக்கமின்றி ஆயிஷா (ரலி) அவர்களின் பெயரைச் சொன்னார்கள். இரவு நேரத்தில் பள்ளிவாசலருகே தம் துணைவியாருடன் நின்றிருந்தபோது கடந்து சென்ற இருவரை நிறுத்தி, இவர் ஹுயையின் மகள் ஸஃபிய்யா என்று பெயர் சொல்லி அறிவித்தார்கள். இவ்விரண்டும் ஸஹீஹான நூல்களில் பதிவாகியுள்ள செய்திகள்.

இஸ்லாமிய வரலாற்றின் திருப்புமுனையான இரண்டாம் அகபா உடன்படிக்கையை எண்ணிப் பாருங்கள். மதீனாவிலிருந்து வந்து இரவின் இருளில் பெருமானாரிடம் பைஅத் செய்தவர்கள் 73 ஆண்களும் 2 பெண்களும் என்று இப்னு இஸ்ஹாக் (ரஹ்) அவர்களின் வரலாறு கூறுகிறது. இரண்டு பெண்களும் வந்தார்கள் என்று எண்ணிக்கையோடு அந்த வரலாறு நின்றுவிடவில்லை. உம்மு உமாரா என்ற நுஸைபா பின்த் கஅப் (ரலி), உம்மு மனீஃ என்ற அஸ்மா பின்த் அம்ர் (ரலி) என்று அவ்விருவரின் பெயரையும், தந்தையர் பெயரையும் எழுதி வைத்தார்கள். ஒரு தலைமையை ஏற்பதாக உறுதியளிக்கும் அந்த நிகழ்ச்சியில் பெண்கள் தம் சொந்தப் பெயரில் பங்கேற்றார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பின்னர் பெண்களிடம் தனியே பைஅத் வாங்குமாறு இறைவன் ஸூரத்துல் மும்தஹினாவில் ஆணையிட்டதையும் நீங்கள் அறிவீர்கள்.

ஹுதைபிய்யாவில் தோழர்கள் மனம் உடைந்து நின்ற வேளையில், பெருமானார் கலந்தாலோசித்தது உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம். அவர்கள் சொன்ன யோசனையின்படி அண்ணலார் வெளியே சென்று தம் குர்பானியை அறுத்துத் தலைமுடி களைந்தார்கள். மற்றவர்களும் உடனே பின்பற்றினார்கள். ஒரு சமுதாயத்தின் நெருக்கடி ஒரு பெண்ணின் கருத்தால் தீர்ந்தது.

இன்னொரு செய்தியை இங்கே அவசியம் சொல்ல வேண்டும். உமர் (ரலி) அவர்களின் மறைவுக்குப் பின் அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களிடம் வந்தது. உஸ்மானா, அலீயா என்று அவர்கள் மதீனா முழுவதும் மக்களின் கருத்தைக் கேட்டறிந்தார்கள். அப்போது வீட்டுத் திரைக்குள் இருந்த பெண்களிடமும் சென்று கேட்டார்கள் என்று இமாம் இப்னு கஸீர் (ரஹ்) தம் அல்பிதாயா வந்நிஹாயாவில் எழுதியுள்ளார்கள். கி.பி. 644-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி இது. திரைக்குள் இருப்பவர் என்பதால் அவருக்குக் கருத்து இல்லை என்று நம் முன்னோர் கருதவில்லை.

இப்னு ஸஅத் (ரஹ்) அவர்களின் தபகாத் நூலின் இறுதிப் பகுதி முழுவதும் பெண்களுக்கானது. ஹதீஸ் அறிவிப்பாளர்களை அணு அணுவாக ஆராய்ந்த இமாம் தஹபீ (ரஹ்) அவர்கள், பொய்யுரைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட பெண் அறிவிப்பாளர் ஒருவரையும் தாம் அறியவில்லை என்ற கருத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த மரபுக்கு வாரிசுகளான நாம், நம் வீட்டு நன்னியின் பெயரை மறந்தோம்.

நம் மண்ணில் பெண்கள்

நம் மதுரை பெண்களை ஆட்சியில் கண்ட ஊர். 1689 முதல் 1706 வரை தம் பேரனுக்காகப் பொறுப்பேற்று மதுரை நாட்டை ஆண்டவர் ராணி மங்கம்மாள். சாலைகளுக்கும் சத்திரங்களுக்கும் பெயர் பெற்றவர். ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரத்தை அறியாதவர் நம்மில் யார்? பிற்காலத்தில் நாட்டு விடுதலைக்கும் ஏழை மக்களுக்கும் பாடுபட்ட கே.பி. ஜானகியம்மாள், 1967-இல் மதுரை கிழக்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்வு பெற்றார். அண்டை மாவட்டத்தில் 1947-இல் காந்திகிராமம் உருவாகக் காரணமாயிருந்த டாக்டர் சௌந்தரம் அம்மையார், 1962-இல் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றம் சென்றார்.

ஆயினும் சாதாரணப் பெண்ணுக்கு வாக்குரிமை எளிதில் வந்துவிடவில்லை. 1917 டிசம்பரில், ஆங்கில அமைச்சர் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று அவரைச் சந்தித்து, ஆண்களுக்கு வழங்கும் வாக்குரிமையைப் பெண்களுக்கும் வழங்க வேண்டுமென்று கோரியது. அக்குழுவில் விடுதலைப் போராட்ட வீரர் மௌலானா ஹஸ்ரத் மோஹானியின் துணைவியாரும் இடம்பெற்றிருந்தார். நூல்கள் பலவும் அவரை பேகம் ஹஸ்ரத் மோஹானி என்றே குறிக்கின்றன. அவருடைய சொந்தப் பெயர் நிஷாத்துன்னிஸா. அலி சகோதரர்களின் தாயார் புர்கா அணிந்தவராகவே பொதுமேடைகளில் பேசி மக்களைத் தட்டியெழுப்பினார். நாடே அவரை பீ அம்மா என்று அழைத்தது. அவருடைய பெயர் ஆபாதி பானு பேகம். இவ்விருவரின் சொந்தப் பெயர்களையும் இன்று நம் பெண்மக்கள் மனத்தில் பதித்துக்கொள்ளட்டும்.

1921-ஆம் ஆண்டு, சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கித் தீர்மானம் நிறைவேற்றியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதில் முதலிடம் பெற்றது நம் மாகாணமே. 1926-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அச்சட்டமன்றத்தின் நியமன உறுப்பினராகி, பின் துணைத் தலைவராகவும் ஆனார். ஆனால் அன்றைய வாக்குரிமை சொத்து உள்ளவர்களுக்கே உரியதாக இருந்தது. கூலி வேலைக்குச் செல்பவளுக்கும், பாய் முடைபவளுக்கும், வீட்டு வேலை செய்பவளுக்கும் அதில் இடமில்லை.

அந்தக் கதவைத் திறந்தது 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டம். மதம், இனம், சாதி, பால் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டி ஒருவரையும் வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கலாகாது என்று அதன் 325-ஆம் பிரிவு கூறுகிறது. வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை என்பது 326-ஆம் பிரிவு. அச்சட்டத்தை வகுத்த அரசியல் நிர்ணய சபையில் 15 பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒரே முஸ்லிம் பெண்மணி பேகம் குத்ஸியா ஐஜாஸ் ரசூல். உலகின் மற்ற நாடுகளைப் பாருங்கள். பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமை 1944-இல்தான் வந்தது. சுவிட்சர்லாந்தில் நாடளாவிய தேர்தல்களில் பெண்கள் வாக்களிக்கும் உரிமை 1971 வரை கிடைக்கவில்லை. குவைத்தில் 2005 வரை காத்திருந்தார்கள். நம் நாட்டில் முதல் பொதுத்தேர்தலிலேயே ஏழைப் பெண்ணுக்கும் செல்வருக்கும் ஒரே மதிப்புள்ள ஒரு வாக்குக் கிடைத்தது.

இன்னாரின் மனைவி

ஆயினும் சட்டம் தந்த அந்த உரிமையை நம் வழக்கம் பறித்துக்கொண்ட வரலாறும் உண்டு. 1951-52-இல் நடைபெற்ற முதல் பொதுத்தேர்தலுக்காக நாடெங்கும் சுமார் 17 கோடி வாக்காளர்களின் பெயர்கள் எழுதப்பட்டன. கணக்கெடுக்க வந்தவர்களிடம் பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். வீட்டு ஆண்களும் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே எழுதச் செய்தார்கள். பெயரில்லாத வாக்காளரைப் பட்டியலில் வைத்திருக்க முடியாது என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் முடிவெடுத்தார். பீகாரில் ஒரு மாதம் கூடுதல் அவகாசமும் தரப்பட்டது. இறுதியில் ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. பெரும்பாலும் வடமாநிலங்களில் நிகழ்ந்தது இது. எல்லாச் சமயத்தவரும் இதில் அடங்குவர்.

சகோதரர்களே! அந்த 28 இலட்சம் பெண்களின் வாக்கை எந்த எதிரியும் வந்து பறிக்கவில்லை. மரியாதை என்று கருதி அவர்களின் சொந்த வீட்டாரே பறித்தார்கள். நாம் ஒலிபெருக்கியில் செய்த அறிவிப்புக்கும் அந்தப் பட்டியலுக்கும் என்ன வேறுபாடு?

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2025 நவம்பர் 4 முதல் நம் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடைபெற்றது. 2002, 2005 ஆண்டுகளின் பழைய பட்டியலில் தம் பெயரையோ, இல்லையெனில் பெற்றோர் முதலிய உறவினர் பெயரையோ தேடிக் குறிப்பிட வேண்டியிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 இலட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தவர்கள், இடம் பெயர்ந்தவர்கள், இருமுறை பதிவானவர்கள் என்று காரணங்கள் கூறப்பட்டன. விடுபட்ட தகுதியானவர்கள் விண்ணப்பிக்கக் கால அவகாசமும் அளிக்கப்பட்டது.

அந்த நாட்களில் நம் மதரஸாக் கூடத்தில் இளைஞர்கள் மேசை போட்டு அமர்ந்து படிவங்களை நிரப்ப உதவினார்கள். நாமும் உடனிருந்தோம். ஆண்களின் படிவம் பத்து நிமிடத்தில் முடிந்தது. பெண்களின் படிவத்துக்கு அரை நாள் ஆயிற்று. காரணம் என்ன? ஆண் பிறந்த தெருவிலேயே இருக்கிறான். பெண்ணோ மேலூரில் பிறந்து, திருமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டு, பிறகு பிள்ளைகளின் படிப்புக்காக மதுரைக்கு வந்திருப்பாள். அவளுடைய அத்தாவின் பெயரை எந்த ஊர்ப் பட்டியலில் தேடுவது? மேலும் ஜெய்துன் என்ற ஒரே பெயர் குடும்ப அட்டையில் ஜெய்துன் பீவி என்றும், ஆதாரில் ஜைத்தூன் பேகம் என்றும், பழைய பட்டியலில் ஜெய்த்தம்மாள் என்றும் இருந்தால், மூவரும் ஒருவரே என்று யார் சாட்சி சொல்வது? நம் நிகாஹ் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் சிலருக்குச் சரியான பெயரே கிடைத்தது. மணநாளன்று வக்கீலும் இரு சாட்சிகளும் சென்று சம்மதம் கேட்டு எழுதிய பெயர் அது. அன்று அவள் பெயர் இல்லாமல் நிகாஹ் இல்லை. மறுநாள் முதல் அந்தப் பெயர் எங்கே போயிற்று?

வாக்கு ஒரு சாட்சியம்

வாக்கு என்பது மார்க்கத்தின் பார்வையில் என்ன? முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) போன்ற பிற்கால அறிஞர்கள் அதனை மூன்று வகையில் விளக்கியுள்ளார்கள். இவர் இப்பொறுப்புக்குத் தகுதியானவர் என்று சொல்வதால் அது சாட்சியம். இவரைத் தேர்ந்தெடுங்கள் என்பதால் அது பரிந்துரை. என் சார்பில் நீர் செயல்படும் என்று ஒப்படைப்பதால் அது வகாலத்து. சாட்சியத்தை மறைப்பது பாவம். பொய்ச் சாட்சியம் பெரும்பாவம். தகுதியானவர் இருக்க, உறவுக்காகவும் பணத்துக்காகவும் வேறொருவருக்கு வாக்களிப்பது எதில் சேரும் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இரு பெண்களின் சாட்சியம் ஓர் ஆணுக்குச் சமம் என்கிறீர்களே, பிறகு வாக்கு மட்டும் எப்படிச் சமமாகும் என்று ஓர் இளைஞர் நம்மிடம் கேட்டார். நல்ல கேள்விதான். திருமறை அதனைக் கடன் கொடுக்கல் வாங்கல் எழுதும் இடத்தில் கூறுகிறது. பெண்கள் மட்டுமே அறியக்கூடிய விவகாரங்களில் ஒரு பெண்ணின் சாட்சியமே போதும் என்று ஹனஃபி ஃபிக்ஹ் நூல்கள் கூறுகின்றன. ஹதீஸ் அறிவிப்பில் ஆண், பெண் என்ற எண்ணிக்கை வேறுபாடே இல்லை. வகாலத்து அளிக்கும் உரிமையிலும் பெண் முழுமையானவள். ஆதலால் வாக்கில் அவளைக் குறைத்து மதிப்பிட இடமில்லை.

இதிலிருந்து இன்னொன்றும் புலப்படும். சாட்சியம் சொல்பவர் தாம் அறிந்ததைச் சொல்ல வேண்டும். கணவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் அது அவளுடைய சாட்சியம் ஆகாது. வீட்டில் கலந்து பேசுங்கள், ஆலோசனை சொல்லுங்கள், அது நன்மை. ஆனால் இன்ன சின்னத்துக்குத்தான் போட வேண்டும் என்று மனைவியையும் மகளையும் கட்டாயப்படுத்தும் உரிமை நமக்கு இல்லை. வாக்கு இரகசியமானது என்பது நாட்டின் சட்டம். இமாமாகிய நமக்கும் அந்த உரிமை இல்லை. ஆகவேதான் எந்தக் கட்சியின் பெயரையும் இந்த மிம்பரில் நாம் உச்சரிப்பதில்லை.

வாக்கை விற்பது பற்றி நம் ஊரில் பேசாமல் இருக்க முடியாது. 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பின், வாக்குக்குப் பணம் கொடுப்பதற்கே நம் அண்டை ஊரின் பெயரைச் சூட்டி, திருமங்கலம் ஃபார்முலா என்று நாடு முழுவதும் பேசினார்கள். நம் மண்ணுக்கு ஏற்பட்ட தலைகுனிவு அது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி வாக்குக்காகக் கையூட்டுக் கொடுப்பது தேர்தல் ஊழல். இலஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் அண்ணலார் சபித்துள்ளார்கள் என்பதை நாம் அறிவோம். தாய்மார்களே! உறையில் வைத்துக் கொடுத்தாலும், குடம், சேலை, மூக்குத்தி என்று கொடுத்தாலும் அதன் பெயர் இலஞ்சம்தான். அந்தப் பணத்தில் வாங்கிய சோற்றை உங்கள் பிள்ளைக்கு ஊட்டாதீர்கள்.

மேலூரில் நடந்தது

பர்தாவோடு வாக்குச்சாவடிக்குச் செல்லலாமா என்று தயங்கும் சகோதரிகளுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். 2022 பிப்ரவரி 19-இல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மேலூர் நகராட்சியில் ஒரு வாக்குச்சாவடிக்கு ஹிஜாப் அணிந்து வந்த பெண்ணைக் கண்டு, ஒரு கட்சியின் முகவர் ஆட்சேபம் தெரிவித்து, அதனைக் கழற்ற வேண்டும் என்றார். அங்கே யார் அதை எதிர்த்தார்கள் தெரியுமா? மற்றக் கட்சிகளின் முகவர்கள். அவர்களில் நம் சமயத்தைச் சேராதவர்களும் இருந்தார்கள். தேர்தல் அலுவலர்களும் காவல் துறையினரும் தலையிட்டார்கள். ஆட்சேபித்தவர் வெளியேற்றப்பட்டார். வாக்குப்பதிவு தொடர்ந்தது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, சட்டம் நம் பக்கம் இருக்கிறது, நல்ல அண்டை வீட்டாரும் இருக்கிறார்கள். அந்தச் சகோதரி பயந்து வீட்டிலேயே இருந்திருந்தால் இவ்விரண்டும் வெளிப்பட்டிருக்காது. இரண்டாவது, ஆளை அடையாளம் காண்பது தேர்தல் அலுவலரின் கடமை. முகத்தையும் மூடுகின்ற சகோதரிகள், பெண் அலுவலரிடம் முகத்தைக் காட்டுவதில் தவறேதும் இல்லை. சாட்சியம் சொல்லும் வேளையில் அடையாளத்துக்காகப் பெண் முகம் திறக்கலாம் என்பது ஃபுகஹாக்கள் தெளிவாகக் கூறிய சட்டம். தேவையானால் பெண் அலுவலரை அமைதியாகக் கேளுங்கள். வாக்குவாதம் வேண்டாம்.

செய்ய வேண்டியவை

உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று 1990-களில் வந்த ஒதுக்கீட்டை, தமிழ்நாடு 2016-இல் பாதியாக உயர்த்தியது. 2001-இல் துவரங்குறிச்சியை அடுத்த பொன்னம்பட்டிப் பேரூராட்சிக்குக் கவிஞர் சல்மா தலைவரானதும் இத்தகைய ஒதுக்கீட்டால்தான். நம் மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளில் பாதி பெண்களுக்குரியவை. குடிநீருக்கும் சாக்கடைக்கும் தெருவிளக்கிற்கும் பொறுப்பான சபை அது. குழாயடியில் நிற்பவள் பெண். எனவே இதில் அவள் குரல் கேட்கப்படுவதே நியாயம்.

ஆகவே சில வேண்டுகோள்களை வைக்கிறோம். வாக்காளர் அட்டை கையில் இருப்பது மட்டும் போதாது, பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் அதனைச் சரிபாருங்கள். 18 வயது நிறைந்த பெண்மக்களுக்குப் படிவம் 6-ஐ நிரப்புங்கள். 17 வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கவும் வழியுண்டு. திருமணமாகி இம்மஹல்லாவுக்கு வந்த மருமக்களின் முகவரி மாற்றத்துக்கும் பெயர்த் திருத்தத்துக்கும் படிவம் 8 உள்ளது. ஐயமிருந்தால் 1950 என்ற எண்ணில் கேட்கலாம். உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரையும் அணுகலாம். எல்லா ஆவணங்களிலும் ஒரே பெயர், ஒரே எழுத்தமைப்பு இருக்கட்டும்.

நிர்வாகத்தினரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. நம் ஜமாஅத் சந்தா தஃப்தரில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கிறது. கணவரை இழந்து, தாமே உழைத்துச் சந்தா செலுத்தும் தாய்மார்களின் கணக்கும் மறைந்த கணவர் பெயரிலேயே தொடர்கிறது. ரசீதிலாவது அவர்கள் பெயரை எழுதக் கூடாதா? குடும்பத்தில் உள்ள பெண்கள் அனைவரின் பெயரும், தாயார் பெயரும், பிறந்த ஊரும் அடங்கிய புதிய பதிவேடு ஒன்றைத் தொடங்குவோம். நிஸ்வான் மதரஸாவின் ஆலிமாக்கள் வீடுவீடாகச் சென்று எழுதட்டும். அரசு கேட்டாலும் உதவும். கப்ரின் தலைமாட்டில் நாம் கேட்டாலும் உதவும். சில பெரியோர்களுக்கு இதில் மாற்றுக் கருத்து இருப்பதை அறிவோம். பொதுக்குழுவில் வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

நம் பொறுப்பில் உள்ளதை இன்றே தொடங்குகிறோம். இன்ஷா அல்லாஹ், இனி இப்பள்ளிவாசலில் மௌத்து அறிவிப்புச் செய்யும்போது, குடும்பத்தார் மறுக்காத வரை, மறைந்த பெண்ணின் பெயரை முதலில் சொல்வோம். கணவர், மக்கள் பெயர்கள் பிறகு வரும். மோதினார் அவர்களிடமும் இதனைச் சொல்லிவிட்டோம். அந்தச் சிறுமி இன்று திரைக்கு அப்பால் இருந்தால், மகளே, உன் நன்னியின் பெயரை அன்று சொல்லாததற்காக எங்களைப் பொறுத்துக்கொள். உன் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்வோம்.

யா அல்லாஹ்! எங்கள் தாய்மார்களில் மறைந்தவர்களின் மண்ணறைகளை ஒளிமயமாக்குவாயாக! அவர்களின் பெயர்களை நாங்கள் மறந்தாலும் நீ அறிந்தவன். எங்கள் பெண்மக்களுக்குக் கல்வியையும் கண்ணியத்தையும் துணிவையும் தருவாயாக! வாக்கு என்னும் அமானிதத்தை மோசடியின்றி நிறைவேற்றும் நல்லடியார்களாக எங்கள் அனைவரையும் ஆக்குவாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.